புதுக் கட்டடமா, பழையதற்கே மராமத்தா?

பல்கலைக்கழக நிர்வாகக் கட்டடம் ஒழுக ஆரம்பித்தால் கட்டடக் குழுவின் முன்னால் இரண்டு கோப்புகள் வந்து நிற்கும். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று ஒன்று. இருப்பதையே மராமத்து பார்க்கலாம் என்று மற்றொன்று. எங்கள் வளாகத்திலும் அப்படித்தான் வந்தன. ஆசிரியரல்லாத ஊழியர்களின் பிரதிநிதியாக அந்தக் குழுவில் உட்கார்ந்து, மராமத்துக்குக் கை தூக்கியவன் நான். ஆகவே கீழே வருவதை நடுநிலைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இதே பேச்சு இப்போது எந்த வளாகத்தில் நடந்தாலும், கூட்டத்துக்குப் போகிறவர் கையில் வைத்துக்கொள்ளச் சில கணக்குகள் இதில் உண்டு.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுவோம். புதுக் கட்டடம் என்றால் லிப்ட், நல்ல கழிப்பறை, ஒழுங்கான வயரிங், வண்டி நிறுத்த இடம், துணைவேந்தர் பெயரோடு ஒரு கல்வெட்டு. மராமத்து என்றால் செலவு குறைவு, மரம் வெட்ட வேண்டாம், ஆனால் வேலை நடக்கும்வரை தூசியில் உட்கார்ந்து கோப்பு பார்க்க வேண்டும். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

புதுக் கட்டடத்தின் பக்கம் உண்மையான நியாயம் இரண்டு இருக்கின்றன. 1970களில் எழுந்த வளாகக் கட்டடங்கள் பெரும்பாலும் எம்15 என்ற வலிமைத் தரக் கான்கிரீட்டில் கட்டியவை. மேல்தளத்தில் கம்பிக்கு அடியில் இருக்கும் கான்கிரீட் மூடு 15 மில்லிமீட்டர்தான் இருக்கும். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதித்தொகுப்பான ஐஎஸ் 456, 2000இல் திருத்தப்பட்டபோது, கம்பி போட்ட கான்கிரீட் என்றால் எம்20க்குக் குறையக் கூடாது, மூடு 20 மில்லிமீட்டராவது வேண்டும் என்றது. 2002இல் சென்னையை நிலநடுக்க வரைபடத்தின் இரண்டாம் மண்டலத்திலிருந்து ஆபத்து கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றினார்கள். பழைய கட்டடம் இந்தக் கணக்கு எதையும் மனதில் வைத்து எழுந்ததில்லை. இரண்டாவது நியாயம், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. பொதுக் கட்டடங்களை எல்லாரும் புழங்கக்கூடியதாக மாற்றியே ஆக வேண்டும் என்கிறது அது. ஓய்வூதியப் பிரிவு மாடியில் இருக்கும் அலுவலகத்துக்கு எழுபது வயதுக்காரர் படியேறி வருவதைப் பார்த்தவர்கள் இந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. நானும் தள்ளவில்லை. ஆனால் ஐந்து மாடி எழுப்பாமலே அந்தப் பிரிவைத் தரைத்தளத்துக்கு இறக்கலாம், சாய்தளம் போடலாம், வெளிச்சுவரை ஒட்டி ஒரு லிப்ட் கூண்டு கட்டலாம்.

இனி, என்னை முடிவெடுக்க வைத்த விஷயம். கட்டுகிற பணம் ஒரு பையிலிருந்து வருகிறது. கட்டியதைக் காப்பாற்றுகிற பணம் இன்னொரு பையிலிருந்து போகிறது. அந்த இரண்டாவது பையில்தான் நம் சம்பளமும் இருக்கிறது.

மாநில உயர்கல்விக்கு மானியம் தர மத்திய அரசு 2013இல் தொடங்கிய ரூசா திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக உள்கட்டமைப்புக்கு 20 கோடி ரூபாய் தரும் பிரிவு அதில் இருந்தது. மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்று பங்கு. அந்தத் தொகையில் 35 சதவீதம் புதுக் கட்டுமானத்துக்கு, 35 சதவீதம் சீரமைப்புக்கு, 30 சதவீதம் கருவிகளுக்கு என்று பிரித்திருந்தார்கள். டெல்லியில் உட்கார்ந்து திட்டம் போட்டவர்களே சீரமைப்புக்குச் சமபங்கு வைத்தார்கள். நம் வளாகங்களில்தான் மராமத்து என்றால் ஆய்வுக் குழு வருவதற்கு முந்தின வாரம் வெள்ளையடிப்பது என்று ஆகிவிட்டது. இருக்கட்டும். இத்தகைய மானியம் எதுவும் கட்டடம் திறந்த மறுநாளிலிருந்து வருகிற மின்கட்டணத்தையோ, துப்புரவுக் கூலியையோ, லிப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்தையோ சுமப்பதில்லை. கோயிலுக்கு யானை வாங்கிக் கொடுத்தவர் தீனிக்கு எதுவும் எழுதிவைக்காமல் போன கதை.

தீனிக் கணக்கில் பெரியது மின்சாரம். தமிழ்நாட்டில் உயரழுத்த இணைப்பு வைத்திருப்பவர்கள் ஓடிய யூனிட்டுக்கு மட்டும் பணம் கட்டுவதில்லை. தேவைக் கட்டணம் என்று தனியாக ஒன்று உண்டு. அனுமதி பெற்ற மின்தேவையில் (ஒரே நேரத்தில் இழுக்கக்கூடிய அளவு, கேவிஏ கணக்கில்) 90 சதவீதம், அல்லது அந்த மாதம் உண்மையில் பதிவான உச்சத் தேவை, இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்ட வேண்டும். வளாகத்துக்கு 500 கேவிஏ அனுமதி வாங்கியிருந்தால், மே மாதம் விடுமுறையில் 200 கேவிஏதான் பதிவானாலும் 450க்குப் பில் வரும். கண்ணாடி முகப்பு வைத்து முழுக்க ஏசி போட்ட புதுக் கட்டடம் எழுந்தால் இந்த அனுமதி அளவை உயர்த்தித்தான் ஆக வேண்டும். உயர்த்திய பிறகு, அறை பூட்டிக் கிடந்தாலும் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கிற மாதிரிதான். பழைய கட்டடத்துக்குப் பன்னிரண்டடி உயரக் கூரை, எதிரெதிர் சன்னல், வெயில் நேராக விழாமல் சன்ஷேடு. மின்விசிறியில் வேலை ஓடிவிடும். இந்த வேறுபாடு மதிப்பீட்டின் எந்தப் பக்கத்திலும் வராது, ஏனென்றால் மதிப்பீடு கட்டி முடிப்பதோடு நின்றுவிடுகிறது.

அடுத்தது உயரம். எங்களுக்கு முதலில் வந்த வரைபடத்தில் தரைத்தளம் போக ஐந்து மாடி. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019இன்படி 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயர்மாடிக் கட்டடம். அதற்குத் தனி அனுமதி, தீயணைப்புத் துறைச் சான்று, தீயணைக்கத் தனித் தொட்டி, பம்பு. இவற்றை வாங்கி வைப்பதோடு முடியாது, ஓடுகிற நிலையில் வைத்திருக்க வேண்டும். லிப்ட் என்றால் 1997ஆம் ஆண்டு லிப்ட் சட்டப்படி உரிமம், அதைப் புதுப்பித்தல், மின்தடைக்கு ஜெனரேட்டர், அதற்கு டீசல். மாடிக்கு இரண்டு கழிப்பறைத் தொகுதி என்றால் அவற்றைக் கழுவ ஆள். அந்த ஆள் நிரந்தரப் பணியிடத்தில் வரப்போவதில்லை. வெளிமுகமை ஒப்பந்தத்தில் வருவார், அவருடைய கூலி தாமதமாகும், அதற்கும் நாங்கள்தான் மனு எழுதுவோம்.

இதை வெறும் சங்கத்துப் புலம்பலாகக் கொள்ள வேண்டாம். நிர்வாகம் சரிந்து 2013இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை அரசு தனிச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டபோது, மிகையாக இருந்த ஊழியர்களை வேறு அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் பிரித்து அனுப்பினார்கள். 2024இல் வருமான வரித்துறை சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியது. அதே காலத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சம்பளமும் ஓய்வூதியமும் மாதக் கணக்கில் தாமதமாகி, ஊழியர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். காரணங்கள் ஒவ்வோர் இடத்திலும் வேறு. கட்டடத்தால்தான் எல்லாம் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் மாநிலப் பல்கலைக்கழகத்தின் சொந்த நிதி எவ்வளவு மெல்லிய தட்டில் நிற்கிறது என்பதற்கு இவை போதும். 2003 ஏப்ரல் 1க்கு முன் சேர்ந்தவர்களின் ஓய்வூதியம் ஒருபுறம், பல்கலைக்கழகக் கணக்கைப் பார்க்கும் உள்ளாட்சி நிதித் தணிக்கையின் தடைகளால் நிற்கும் மானியம் இன்னொருபுறம். இந்த நிலையில் ஆண்டுதோறும் தொடரும் புதுச் செலவு ஒன்றுக்குக் கையெழுத்துப் போடுவது சின்ன விஷயமில்லை.

“புதுக் கட்டடம் வேண்டாம்னு சொல்ற முதல் சங்கம் நம்மதுதான் தோழர்” என்று எங்கள் ஆட்களே கிண்டல் செய்தார்கள். சங்க அறைக்குப் புதுக் கட்டடத்தில் ஓர் இடம் தருவதாக வாய்வார்த்தையும் இருந்தது. அதையும் விட்டுக்கொடுத்தோம் என்று சிலருக்கு இன்னும் வருத்தம்.

சரி, மராமத்து. அது எடுபடுமா என்பதைப் பார்வையால் சொல்ல முடியாது. கூரையில் பூச்சு பெயர்ந்து கம்பி தெரிந்தால் கட்டடமே செத்துவிட்டது என்று நினைப்போம். கான்கிரீட்டில் துளையிட்டு பினால்ப்தலீன் கரைசலைத் தெளிப்பார்கள். உயிரோடு இருக்கும் கான்கிரீட் இளஞ்சிவப்பாகும். காற்றிலுள்ள கரியமில வாயு ஏறி, கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மை போன பகுதி நிறம் மாறாமல் கிடக்கும். நிறம் மாறாத ஆழம் கம்பியைத் தொட்டுவிட்டதா, தொடவில்லையா என்பதுதான் கேள்வி. கூடவே ஒலியலைச் சோதனை, சுத்தியல் மீள்வுச் சோதனை. எங்களுக்குத் தூண்களும் உத்தரங்களும் பெரும்பாலும் தப்பித்திருந்தன. கெட்டிருந்தவை மொட்டைமாடித் தளமும் கழிப்பறைப் பக்கமும். அதாவது, தண்ணீர் நின்ற இடங்கள் மட்டும்.

காரணமும் அற்பமானது. மழைநீர் இறங்கும் குழாய் வாயில் சருகு அடைத்திருந்தது. கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்து வேர் விட்டிருந்தது. தளத்தின் மேல் போட்ட சுண்ணாம்பு ஜல்லியும் தட்டோடும் விரிசல் விட்டு, தண்ணீர் கீழே இறங்கியிருந்தது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஒருவர் ஏறிச் சருகைத் தள்ளியிருந்தால் பாதிச் சேதம் வந்திருக்காது. அந்த வேலையைச் செய்துவந்த பணியிடம் அதில் இருந்தவர் ஓய்வுபெற்றபின் நிரப்பப்படவே இல்லை. பழைய கட்டடத்தையே பார்த்துக்கொள்ள ஆள் போடாத நிர்வாகம் புதுக் கட்டடத்தை மட்டும் எப்படிப் பார்த்துக்கொள்ளும் என்று நான் கூட்டத்தில் கேட்டேன். பதில் வரவில்லை, அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள்.

வேலை முறை இதுதான்: துருப்பிடித்த கம்பியைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, மெலிந்த இடத்தில் கூடுதல் கம்பி கட்டி, பாலிமர் சாந்தால் மூடுவது. மேலே பழைய ஜல்லியை முழுக்க எடுத்துவிட்டு வாட்டம் சரிபார்த்துப் புதிதாகத் தளம் போடுவது. மேலே பூசிக் கீழே ஒழுக விடுகிற கலை நமக்குக் கைவந்தது என்பதால், வாட்டத்தை அளந்து பார்க்க ஓர் ஆளை நிறுத்தச் சொல்வது நல்லது.

மராமத்தின் தொல்லைகளை மறைக்க விரும்பவில்லை. பூச்சை உடைத்த பிறகுதான் உள்ளே எவ்வளவு கெட்டிருக்கிறது என்பது தெரியும். எனவே துணை மதிப்பீடு வந்தே தீரும். அதற்கு மறுபடி நிதிக்குழு, மறுபடி ஆட்சிக்குழு. கட்டட ஒப்பந்தத்துக்கான ஜிஎஸ்டி 18 சதவீதம் இரண்டு வழிக்கும் பொது என்றாலும், அடிக்கடி திருத்தப்படும் மதிப்பீட்டில் அது கண்ணை உறுத்தும். தேர்வுப் பிரிவை விளையாட்டு அரங்குக்கு மாற்றினார்கள். கரையான் அரித்த பதிவேடுகள் அந்தச் சாக்கில் வெளியே வந்தன. ஒப்பந்தக்காரர்களுக்கும் மராமத்து பிடிக்காது. சிறு சிறு வேலை, அளவெடுப்பது கடினம், லாபம் குறைவு. ஒப்பந்தப்புள்ளிக்கு ஆள் கிடைக்காமல் இரண்டாம் முறை விளம்பரம் செய்ய வேண்டியிருந்தது.

சரியாகச் செய்தால் மராமத்து எவ்வளவு தாங்கும் என்பதற்கு மெரினாவை ஒட்டி நிற்கும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸே இருக்கிறது. ராபர்ட் சிசோம் வடிவமைத்து 1879இல் முடிந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் 150ஆம் ஆண்டையொட்டிச் சீரமைத்தார்கள். அது செங்கல்லும் சுண்ணாம்பும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு அந்த ஆயுளை எதிர்பார்க்கக் கூடாது. ஒட்டுப்போட்ட எங்கள் தளம் இன்னும் எத்தனை மழையைத் தாங்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பத்துப் பதினைந்து ஆண்டு வந்தாலே எங்களுக்குக் கணக்கு நேராகிவிடும்.

ஆய்வகக் கட்டடத்துக்கு இந்த வாதத்தை அப்படியே நீட்டவும் எனக்குத் துணிவில்லை. அமில வாயு, புகைபோக்கி, எடை கூடிய கருவிகள் என்று அதன் தேவை வேறு. நான் அலுவலகக் கட்டடத்தில் காலம் கழித்தவன். விடுதியும் அப்படியே: இரவில் ஆள் தூங்குகிற இடத்தில் தூணும் உத்தரமும் சோதனையில் தேறவில்லை என்றால் யோசிக்காமல் இடிக்கத்தான் சொல்வேன்.

எங்கள் கூட்டக் குறிப்பில் மூன்று வரிகளைச் சேர்க்க வைத்தோம். எந்தக் கட்டட முன்மொழிவோடும் முதல் ஐந்தாண்டு நடப்புச் செலவுக் குறிப்பு இணைக்கப்பட வேண்டும். அதில் உயரும் மின்தேவையும் தேவைக் கட்டணமும் தனியாகக் காட்டப்பட வேண்டும். மொட்டைமாடி பார்த்துக்கொள்ள ஒரு பணியிடம் நிரப்பப்பட வேண்டும். முதல் இரண்டை நிதி அலுவலர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார். மூன்றாவது அரசின் ஒப்புதலுக்குப் போயிருக்கிறது. அதுவரை தோட்டப் பிரிவில் தொகுப்பூதியத்தில் இருக்கும் ஒருவர் புரட்டாசி முடிவதற்குள் மேலே ஏறிச் சருகு தள்ளுகிறார். அந்த வேலைக்கு அவருக்குத் தனிப்படி எதுவும் இன்னும் வரவில்லை. அடுத்த கூட்டத்துக்கான பொருள் நிரலில் அதைத்தான் முதலில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.