வீடு வாங்க முகவர் வேண்டுமா? அவருக்குப் பணம் கொடுப்பது யார் என்று முதலில் பாருங்கள்

சிங்கப்பூரில் வீடு வாங்கப் புறப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, “முகவருக்கு 1 விழுக்காடு கொடுப்பது தண்டமா?” என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு முன்பு கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: உங்களுக்காகப் பேசுகிறேன் என்று சொல்பவருக்குக் கட்டணம் எந்தப் பையிலிருந்து போகிறது? வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) மறுவிற்பனை வீடு என்றால், வாங்குபவரின் முகவருக்கு வாங்குபவரே கொடுக்கிறார். கொண்டோ எனப்படும் தனியார் அடுக்குமாடி வீட்டை மறுவிற்பனையில் வாங்கினால் பெரும்பாலும் விற்பவர் தரும் தரகில் பங்கு வருகிறது. புதிய கொண்டோவில் கட்டுமான நிறுவனம் கொடுக்கிறது. மூன்று இடத்திலும் அதே முகவர், அதே அடையாள அட்டை, அதே புன்னகைதான். ஆனால் அவர் செய்யும் வேலை ஒன்றல்ல.

பிடிஓ வீட்டை, அதாவது கட்டுமுன்பே பதிவுசெய்து வாங்கும் புதிய வீவக வீட்டை, இந்தப் பேச்சிலிருந்து விலக்கிவிடலாம். வீவக நேரடியாக விற்கிறது, குலுக்கலில் எண் வருகிறது, முகவருக்கு அங்கே இடமே இல்லை. பிடிஓ வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

மறுவிற்பனை வீட்டுக்கு வருவோம். 620,000 வெள்ளிக்கு ஒரு நான்கறை வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 விழுக்காடு என்றால் 6,200 வெள்ளி. பொருள் சேவை வரி 9 விழுக்காடு சேர்த்தால் 6,758. இந்தத் தொகையை மத்திய சேமநிதியிலிருந்து எடுக்க முடியாது; வங்கிக் கணக்கிலிருந்து ரொக்கமாகவே போக வேண்டும். அதே வீட்டுக்கான முத்திரைத் தீர்வை 13,200 வெள்ளி வருகிறது, ஆனால் அதைச் சேமநிதியில் கட்டலாம். அதனால்தான் சிறிய தொகையான தரகு அதிகமாக உறுத்துகிறது.

இந்தப் பணத்துக்கு முகவர் என்ன செய்கிறார்? வீடு தேடுகிறார், பார்க்க நேரம் வாங்குகிறார், விலை பேசுகிறார், படிவங்களுக்கு வழிகாட்டுகிறார். இதில் படிவ வேலை 2018ஆம் ஆண்டு தொடங்கிய மறுவிற்பனை இணையவாசலுக்குப் பிறகு பாதியாகக் குறைந்துவிட்டது. அரசாங்க மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் வைத்திருக்கும் எவரும் தாமே செய்யலாம். விளம்பரம் பார்ப்பதற்கும் 2024 மே முதல் வீவகவின் சொந்தப் பட்டியல் இருக்கிறது. விற்கும் எண்ணத்தை முறைப்படி பதிவுசெய்த உரிமையாளரோ அவருடைய முகவரோதான் அதில் வீட்டைப் போட முடியும். தனியார் தளங்களில் அடிக்கடி காணும் ‘விற்றுப்போன வீட்டின் அழகிய படம்’ தொல்லை இதில் குறைவு.

தனியாகச் செய்கிறவர்கள் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. வீடு வாங்கவும் கடன் பெறவும் உங்களுக்குள்ள தகுதியைச் சொல்லும் வீவகவின் எச்எஃப்இ கடிதம் கையில் இல்லாமல் விருப்புரிமைப் பத்திரம் வாங்க முடியாது. விற்பவர் வீட்டை உங்களுக்கென்று ஒதுக்கிவைக்கும், எல்லோரும் ஓடிபி என்று சொல்கிற அந்தப் பத்திரத்துக்கு முன்பணம் 1 வெள்ளியிலிருந்து 1,000 வெள்ளி வரை. பத்திரம் கைக்கு வந்த மறு வேலைநாளுக்குள் வீட்டின் மதிப்பைக் கேட்டு வீவகவிடம் விண்ணப்பிக்க வேண்டும். கொண்டாட்டத்தில் இந்த ஒரு நாளைக் கோட்டை விடுவது எளிது. வாங்குவதை உறுதிசெய்து கையெழுத்திட 21 நாள் அவகாசம், அந்தக் கடைசி நாளும் மாலை 4 மணியோடு முடிந்துவிடும். ராகுகாலம், கரிநாள் பார்க்கும் குடும்பங்கள் நல்ல நேரத்தை முதல் 20 நாளுக்குள்ளேயே குறித்துவைத்துக்கொள்வது நல்லது. 21ஆம் நாள் மாலை 4 மணி தாண்டினால், பஞ்சாங்கம் என்ன சொன்னாலும் பத்திரம் செல்லாது, முன்பணமும் திரும்பாது.

நாட்காட்டியில் இந்த நான்கைந்து தேதிகளைச் சிவப்பு மையில் குறித்துக்கொள்ளத் தெரிந்தவருக்கு, நடைமுறைக்காக மட்டும் 6,758 வெள்ளி கொடுப்பது அதிகம் என்பதே என் கருத்து.

விலை பேசுவது வேறு சங்கதி. “முகவர் இருந்தால் விலையைக் குறைத்துக் கொடுப்பார்” என்கிறார்கள். சிலர் குறைத்துக் கொடுக்கிறார்கள்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். அவர் உங்களுக்காக 20,000 வெள்ளி குறைத்தால் உங்களுக்கு 20,000 மிச்சம். 1 விழுக்காட்டில் அவருக்கு 200 நட்டம். பேரத்தை இழுத்தால் வீடே கைநழுவி அவருக்கு ஒன்றுமே இல்லாமல் போகலாம். “சார், இந்த விலைக்கு இது நல்ல வீடு, விட்டுவிடாதீர்கள்” என்ற சொல் எங்கிருந்து வருகிறது என்று புரிகிறதல்லவா? அது பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அதைச் சொல்வதால் அவருக்கு ஒரு நட்டமும் கிடையாது.

வீவக இணையத்தளத்தில் மறுவிற்பனை விலைகள் எல்லாம் திறந்தே கிடக்கின்றன. ஈசூனில் ஒரு புளோக்கைத் தட்டினால் விற்ற மாதம், பரப்பளவு, குத்தகை தொடங்கிய ஆண்டு, விலை ஆகியவை வரும். மாடி மட்டும் மும்மூன்றாக வரும்: 7 முதல் 9, 10 முதல் 12 என்று. அதே புளோக், அதே பரப்பளவு, அதே மாடிக் கட்டத்தில் சமீபத்தில் விற்ற இரண்டு மூன்று வீடுகளை எடுத்தால் நியாய விலை ஏறத்தாழ பிடிபட்டுவிடும். மதிப்பு எவ்வளவு வரும் என்பது விலை பேசி முடித்த பிறகுதான் தெரியும்; 2014 மார்ச் முதல் நடைமுறை அப்படித்தான். பேசிய விலை 620,000, மதிப்பு 600,000 என்று வந்தால் மீதி 20,000 வெள்ளியை ரொக்கமாகக் கட்ட வேண்டும். எந்த முகவராலும் அந்த மதிப்பை முன்கூட்டிச் சொல்ல முடியாது. அவரும் அதே பட்டியலைப் பார்த்துத்தான் ஊகிக்கிறார்.

பட்டியல் சொல்லாதவையும் உண்டு. மாலை வெயில் நேராக வரவேற்பறைக்குள் இறங்குமா, எம்ஆர்டி ரயில் வளைவில் கிறீச்சிடுமா, குளியலறைக் கூரையில் மேல்வீட்டுத் தண்ணீர் கசிந்த தடம் இருக்கிறதா? அந்தப் பேட்டையிலேயே பல ஆண்டு வேலை செய்த முகவருக்கு இவை தெரியும். தீவு முழுக்க ஓடும் முகவருக்குத் தெரியாது. மாலை 5 மணிக்கு ஒருமுறை, இரவு 10 மணிக்கு ஒருமுறை நீங்களே போய் நின்றால் பாதி விடை கிடைத்துவிடும்.

நம்மவர்களுக்கு முகவர் உண்மையிலேயே பயன்படக்கூடிய இடம் இனவாரி வரம்பு. 1989இல் தொடங்கிய இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி, இந்தியர் மற்றும் இதர இனத்தவருக்கு ஒரு புளோக்கில் 15 விழுக்காடு, அக்கம்பக்க அளவில் 12 விழுக்காடு. அது நிரம்பிவிட்டால் இந்தியர் ஒருவர் அங்கே சீனரிடமிருந்தோ மலாய்க்காரரிடமிருந்தோ வாங்க முடியாது. தம் பிரிவைச் சேர்ந்தவரிடமிருந்துதான் வாங்கலாம். விளம்பரங்களில் இது பெரும்பாலும் இருக்காது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய், பூசையறைக்கு எந்த மூலை என்றுகூட முடிவுசெய்த பிறகு, “உங்கள் இனத்துக்கு இடமில்லை” என்று தெரியவரும். புளோக் எண்ணைப் போட்டு இதைச் சரிபார்க்கும் வசதி வீவக தளத்தில் இருக்கிறது; நிலவரம் மாதத்தின் முதல் நாளில் புதுப்பிக்கப்படுகிறது. எந்த வீட்டையும் பார்க்கப் போகுமுன் ஒரு நிமிடம் அதைத் தட்டிப் பாருங்கள்.

மலேசியர் அல்லாத நிரந்தரவாசிகளுக்கு இன்னொரு வரம்பும் சேர்கிறது: புளோக்கில் 8 விழுக்காடு, அக்கம்பக்கத்தில் 5. கணவன் மனைவி இருவரும் நிரந்தரவாசிகள் என்றால் இருவருக்கும் அந்தத் தகுதி கிடைத்து மூன்று ஆண்டு ஆகியிருக்க வேண்டும். வீவக கடன் கிடையாது, வங்கிதான். முதல் வீட்டுக்கே 5 விழுக்காடு கூடுதல் முத்திரைத் தீர்வை. நம் 620,000 வெள்ளி வீட்டுக்கு அது மட்டும் 31,000. இத்தனை கட்டுகளுக்கு நடுவே தேடுகிற குடும்பத்துக்கு, எந்தப் புளோக்கில் எந்த இந்தியக் குடும்பம் விற்க நினைக்கிறது என்று அறிந்த முகவர் ஒருவர் கிடைத்தால் 1 விழுக்காடு தாராளமாகத் தரலாம். அது படிவக் கூலி அல்ல, அவருடைய தொடர்புகளுக்கான விலை.

இதே கொள்கை நமக்குச் சாதகமாகத் திரும்பும் நேரமும் உண்டு. சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் இந்தியர் ஒருவர் விற்கிறார் என்றால், அவரால் சீனருக்கு விற்க முடியாது. வாங்குவோர் கூட்டம் மிகவும் சுருங்கிவிடும், விலையும் இறங்கும். அந்த வேளையில் உங்கள் கை ஓங்கியிருக்கும். விவரமான முகவர் இதைச் சொல்லிக்கொடுப்பார். அதோடு, அந்த வீட்டை நாளை நீங்கள் விற்கும்போது அதே கட்டு உங்கள் கழுத்திலும் விழலாம் என்பதையும் சொல்வார். இரண்டாவதைச் சொல்லாமல் முதலாவதை மட்டும் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

முகவரும் வைக்காமல், தாமும் படிக்காமல், விற்பவரின் முகவரையே நம்பிவிடுகிற வழி ஒன்று இருக்கிறது. பலர் தெரியாமலே இதில்தான் விழுகிறார்கள். “உங்களுக்குத் தனி முகவர் எதற்கு, எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன்” என்று அவர் அன்பாகச் சொல்வார். ஒரே விற்பனையில் ஒருவரே இரு தரப்புக்கும் முகவராக இருந்து இருவரிடமும் கட்டணம் வாங்குவது இங்கே சட்டப்படி தடை. அவர் கட்டணம் வாங்காமல் படிவத்தை நிரப்பிக்கொடுத்தாலும் அவர் விற்பவரின் ஆள்தான். உங்கள் உச்சவரம்பு 640,000 என்று பேச்சுவாக்கில் அவரிடம் சொன்னால், அது அன்று மாலையே விற்பவர் காதுக்குப் போகும். அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவருடைய கடமையும்கூட. மூன்று வழிகளில் மோசமானது இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கொண்டோவில் கதை மாறுகிறது. மறுவிற்பனை கொண்டோவுக்கு விற்பவர் 2 விழுக்காடு தருகிறார் என்று வைத்துக்கொண்டால், 1.5 மில்லியன் வெள்ளி வீட்டில் அது 30,000. அதை இரு தரப்பு முகவர்களும் பொதுவாகச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். நீங்கள் தனியாகப் போனால் உங்கள் முகவருக்குப் போயிருக்கும் பாதி தானாக உங்கள் கைக்கு வராது. முழுவதும் விற்பவரின் முகவருக்குப் போகலாம். ஆகவே இங்கே முகவரை வைத்துக்கொள்வதே மேல். அல்லது தனியாகப் போய், இந்த 15,000 வெள்ளியை விலையில் குறையுங்கள் என்று நேராகக் கேட்கும் துணிச்சல் வேண்டும்.

புதிய கொண்டோவின் காட்சி வீட்டில்தான் ‘இலவச’ முகவரிடம் மிகவும் கவனம் தேவை. கட்டுமான நிறுவனம் தரகு கொடுக்கிறது. நீங்கள் தனியாகப் போனாலும் விலைப்பட்டியல் பொதுவாக மாறுவதில்லை. குளிர்சாதன அறை, சின்னஞ்சிறு கட்டடப் பொம்மை, ஒவ்வொன்றாகச் சிவப்புப் புள்ளி விழும் அட்டவணை. 1.8 மில்லியன் வெள்ளி வீட்டுக்கு 5 விழுக்காடு பதிவுப் பணம், அதாவது 90,000. வீட்டுக்குப் போய் யோசித்து மனம் மாறினால் அதில் கால் பங்கு, 22,500 வெள்ளி, போய்விடும். அந்த அறையில் “இன்று வேண்டாம், அடுத்த வாரம் யோசிக்கலாம்” என்று சொல்லக்கூடிய முகவர் உங்களுடன் இருக்கிறாரா? அப்படிச் சொன்னால் அவருக்கு அன்றைக்கு வருமானம் இல்லை. இங்கே முகவரைவிட ஒரு வழக்கறிஞரும், கடன் கணக்குப் போடத் தெரிந்த ஒரு நண்பரும் அதிகம் உதவுவார்கள்.

நம் சமூகத்தில் இன்னொரு சிக்கல்: தெரிந்தவர். முப்பத்தைந்தாயிரத்துக்கு மேல் முகவர்கள் உள்ள ஊரில் மச்சானோ, கோவிலில் பார்க்கும் அண்ணனோ முகவராக இருப்பார். “நம்ம பையன்தான், அவனுக்கே கொடு” என்று அம்மா சொல்வார். அவர் திறமையானவராக இருந்தால் மகிழ்ச்சி. இல்லையென்றால் மாற்றவும் முடியாது, கட்டணம் பேசவும் முடியாது, விலையைக் குறைத்துக் கேட்டீர்களா என்று விசாரிக்கவும் முடியாது. அடுத்த பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போக வேண்டுமே! உறவுக்காரரை வைத்தாலும் கட்டணத்தை எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். 1 விழுக்காடு என்பது வழக்கம்தானே தவிர சட்டமல்ல. முகவர்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான சொத்து முகவர் மன்றம் கட்டண விகிதம் எதையும் நிர்ணயிக்கவில்லை.

யாரை வைத்தாலும் அந்த மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் பதிவு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அவர் முடித்துக்கொடுத்த விற்பனைகளும் அங்கே இருக்கும். நீங்கள் வாங்க நினைக்கும் பேட்டையில் அவர் ஒன்றுகூட முடித்திருக்கவில்லை என்றால், பேட்டையை அறிந்தவர் என்ற பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். விற்பனைப் பணத்தை முகவர் கையால் தொடக் கூடாது என்பதும் சட்டம். முன்பணத்தைத் தம் கணக்குக்கு அனுப்பச் சொல்பவரிடம் மறுபேச்சு வேண்டாம், மன்றத்திடம் புகார் கொடுங்கள்.

“விழுக்காடு வேண்டாம், தேடுவது நான், படிவமும் தேதிகளும் உங்கள் பொறுப்பு” என்று முகவரிடம் நிலையான ஒரு தொகை பேசிக்கொள்ளும் வழியும் இப்போது இருக்கிறது. குடியுரிமை உள்ள, முதல் வீடு வாங்கும், இன வரம்பு இடிக்காத தம்பதிக்கு நான் அதைத்தான் சொல்வேன். விலை ஏறினாலும் இறங்கினாலும் அவர் வருமானம் மாறாது என்பதால், “இந்த வீடு வேண்டாம்” என்று அவர் சொல்லும்போது நம்பலாம்.