ஓடைப் பள்ளத்தில் ரெண்டு ஏக்கர், ஒரு கருப்பு ஓஸ்: ஆறு வருட அனுபவம்

"ஏற்காட்டுக்குக் கீழே ஓடையோரமா ரெண்டு ஏக்கர் வருதுங்க. காப்பி, மிளகு, பழைய ஓட்டு வீடு. வருஷம் பூரா தண்ணி ஓடுமாம். வாங்கலாமுங்களா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்குச் சொன்னதையே விரித்து எழுதுகிறேன். இந்த வாரம்தான் ஓடைத் தண்ணீரை வீட்டுக்குக் கொண்டுவரும் கருப்பு ஓஸை, அதாவது பிளாஸ்டிக் பைப்பை, மூன்று இடத்தில் பிரித்து மறுபடி பூட்டினோம். எழுத்தில் கோபம் தெரிந்தால் காரணம் அதுதான்.

குளிர், மூடுபனி, சில்வர் ஓக் நிழல், மழைக்காலத்து அட்டை, மழையடித்தால் போகும் கரண்ட் எல்லாம் மலைக்கு வருகிறவர்களுக்குத் தெரிந்தவை. சாலையைப் பற்றி ஒன்று மட்டும். சேலத்திலிருந்து ஏற 20 கொண்டை ஊசி வளைவுள்ள அடிவாரம் பாதை ஒன்று, குப்பனூர் வழி இன்னொன்று. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதை சரிந்து போக்குவரத்து நின்றதைப் பார்த்தவர்கள் வீட்டில் பத்து நாள் அரிசி, பருப்பு, மருந்து இல்லாமல் இருக்க மாட்டார்கள்.

பள்ளத்து வாழ்க்கையின் நல்லதும் கெட்டதும் தண்ணீரில்தான். மோட்டார் இல்லை, மின்கட்டணம் இல்லை, ராத்திரி பகல் பாராமல் தொட்டியில் விழுகிற சத்தம். வீட்டைவிட 35 மீட்டர் உயரத்தில் ஓடையில் வாய் (தண்ணீர் உள்ளே நுழையும் முனை) வைத்து, 400 மீட்டர் 32 மி.மீ. ஓஸ் இழுத்தால் கணக்குப்படி நிமிடத்துக்கு 45 லிட்டர் வரை வரும். ஜாயின்ட், வளைவு எல்லாம் கழித்து 35 வந்தாலும் ஆயிரம் லிட்டர் தொட்டி அரை மணிக்குள் நிறையும். காசு மிச்சம் பிடிக்க முக்கால் இஞ்ச் ஓஸ் போடுகிறவர்கள் உண்டு. விட்டம் கொஞ்சம் குறைந்தாலே வரத்து பாதிக்கும் கீழே போய்விடும்.

ஓஸ் வாங்கும்போது 'பி.என்.' எண்ணைப் பாருங்கள். பைப் எத்தனை கிலோ அழுத்தம் தாங்கும் என்பதைச் சொல்வது அது. பத்து மீட்டர் இறக்கத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம். 35 மீட்டர் இறக்கத்தில் கீழே அடைத்தால் மூன்றரை கிலோ நிற்கும். பி.என். 4 போதும் என்று கடையில் சொல்வார்கள். வெயிலில் கிடந்து சூடேறிய கருப்பு பைப்பின் தாங்குதிறன் குறையும், ஆகவே பி.என். 6. தொட்டி நிறைந்ததும் தானாக அடைக்கும் பந்து வால்வு போடவே வேண்டாம். அது அடைக்கும்போதெல்லாம் மேலிருந்து வரும் தண்ணீர் மோதி, இருப்பதிலேயே பலவீனமான ஜாயின்டைக் கழற்றிவிடும். நிறைந்தது வழிந்து மிளகுக்கொடிக்கோ ஓடைக்கோ திரும்பட்டும்.

இனி ஆறு வருடமாகத் தீராத தொல்லை: காற்றடைப்பு.

மலையில் ஓஸ் நேராக இறங்காது. பாறையைச் சுற்றும், மேட்டில் ஏறும், மறுபடி இறங்கும். ஒவ்வொரு மேட்டிலும் காற்று தங்கும். தண்ணீரின் வேகம் அந்தக் காற்றைத் தள்ளிக்கொண்டு போகப் போதாவிட்டால் மேட்டிலேயே நின்று ஓட்டத்தைக் குறைக்கும். கடைசியில் குழாய் முனையில் புஸ் புஸ்ஸென்று இருமி, சொட்டி, நின்றுபோகும். ஓடையில் தண்ணீர் இருக்கும், ஓஸிலும் இருக்கும், வீட்டுக்கு மட்டும் வராது. விருந்தாள் வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இது நடந்தால் வருகிற ஆத்திரத்தைச் சொல்லி மாளாது.

காற்று நுழையும் வழிகள் மூன்று. முதலாவது, ஓடை வரத்து குறைந்து வாய் வெளியே தெரிவது. ஏப்ரலில் இதுதான் அதிகம். பலரும் ஓஸின் மேல்முனையில் வால்வு வைத்து வரத்தைக் குறைப்பார்கள். அது தவறு. மேலே அடைத்தால் கீழே பாதி பைப் காலியாக ஓடி, காற்று தங்க இடம் கிடைக்கிறது. கேட் வால்வு கீழ்முனையில், தொட்டிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஓடையில் வருவதைவிடக் கொஞ்சம் குறைவாகவே வெளியேறும்படி திருகி வைத்தால் பைப் எப்போதும் நிறைந்திருக்கும்.

இரண்டாவது, ஜாயின்ட். ஓஸ் முனையை நெருப்பில் காட்டி இளக்கி, ஜி.ஐ. நிப்பிளில் (சின்ன இரும்புக் குழாய்த் துண்டில்) அடித்து ஏற்றி, சைக்கிள் டியூப் சுற்றிக் கட்டுவது இங்கே பழக்கம். இறக்கமான இடத்தில் அது சரியில்லாவிட்டால் தண்ணீர் பீச்சும், உடனே தெரிந்துவிடும். மேட்டில் உள்ள ஜாயின்டோ வெளியே ஒரு சொட்டும் கசியாது. அங்கே உள்ளழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு, ஆகவே காற்றை உள்ளே இழுக்கும். கசிவே இல்லாத ஜாயின்டை யாரும் சந்தேகப்படுவதில்லை, அதைக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு இரண்டு கோடை ஆயிற்று. மேட்டில் ஜாயின்டே வராதபடி ஓஸை அளந்து வெட்டுங்கள். தவிர்க்க முடியாத இடத்தில் ரப்பர் வாஷர் வைத்த கம்ப்ரஷன் கப்ளிங் போடுங்கள். பைப் முனையை ஹேக்சாவில் நேராக வெட்டி, விளிம்பைச் சீவி, எவ்வளவு ஆழம் உள்ளே போக வேண்டும் என்று கோடு போட்டுக்கொண்டு செருக வேண்டும்.

மூன்றாவது, வெயில். தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று, பைப் சூடானால் பிரிந்து வந்து மேட்டில் சேரும். ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்தால் இது போகும், காட்டுமாடு மிதித்து நசுக்குவதும் போகும். பாறை வரும் இடத்தில் புதைக்க வழியில்லை. அங்கே காப்பி நிழலுக்குள் வளைத்துக் கொண்டுபோய் மேலே கல் அடுக்கலாம்.

அடைப்பைக் கண்டுபிடிக்கக் கையே போதும். காலை வெயில் ஏறியதும் ஓஸைத் தொட்டுக்கொண்டே நடந்தால் தண்ணீர் உள்ள இடம் சில்லென்று இருக்கும், காற்று நிற்கும் இடம் வெதுவெதுப்பாக இருக்கும். அந்த இடத்தில் ஒரு 'டீ' (மூன்று வாய் உள்ள பைப் இணைப்பு) போட்டு, சின்ன வால்வு வைத்துவிடுங்கள். திறந்தால் சீறிக்கொண்டு காற்று போய், பின்னாலேயே தண்ணீர் வரும். காற்றை இழுக்கிற மேடாக இருந்தால் முதலில் கீழ்முனை வால்வை அடைத்து, பைப்பில் அழுத்தம் ஏறிய பிறகு இதைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்னும் காற்றைத்தான் உள்ளே விடுவீர்கள். பள்ளமான இடங்களிலும் ஒரு டீ, ஒரு வால்வு. அது சேறு கழிக்க. எதற்கும் மசியாவிட்டால் 1 எச்.பி. மோட்டாரைத் தொட்டியில் வைத்துக் கீழிருந்து மேலே தள்ளலாம். ஓடை வாயில் குமிழி கிளம்பி நின்றதும் நிறுத்திவிடலாம்.

வாய் வைக்கும் விதமும் முக்கியம். ஓடை நடுவில் வேண்டாம். ஓரமாக மணல்மூட்டை அடுக்கிக் குழியாக்கி, ஒரு மீட்டர் நீள 4 இஞ்ச் பி.வி.சி. பைப்பில் ஹேக்சாவால் கீறல் போட்டு, எண்ட் கேப் மாட்டி, கீறல் பக்கம் ஓடை ஓடும் திசையைப் பார்க்க வையுங்கள். சுற்றிலும் முக்கால் ஜல்லி. குறைந்தது ஒரு அடி தண்ணீருக்குள் இருக்க வேண்டும். சில்வர் ஓக் சருகு கொசுவலையைக்கூட ஒரே நாளில் மூடிவிடும், ஆகவே வாரம் ஒருமுறை ஏறிப்போய்த் தள்ளிவிட ஆள் வேண்டும். கோடைக்குப் பின் முதல் மழையில் செம்மண் கலங்கி வரும். அன்று ஓஸைக் கழற்றிவிடுவதே நல்லது.

மேலே என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். அரபிகா காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில், மேல்தோட்டத்தில் பழத்தோல் உரித்த கழிவுநீரை ஓடையில் விட்டால் தண்ணீர் பழுப்பாகிப் புளித்த வாடை அடிக்கும். அந்த வாரங்களுக்கென்று தனியாக மழைநீர்த் தொட்டி இல்லாவிட்டால் திண்டாட்டம்தான். மற்ற நாளிலும் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது.

பத்திர விஷயத்தில் வில்லங்கச் சான்று, பட்டா, கூட்டுப் பட்டாவா தனிப் பட்டாவா என்பதெல்லாம் யாரும் பார்ப்பார்கள். பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏரில் இருக்கும். ரெண்டு ஏக்கர் என்றால் சுமார் 81 ஏர். நிலம் எந்த வகை என்று காட்டும் வருவாய்த்துறையின் அ-பதிவேட்டை அவசியம் பாருங்கள். மலையாளி பழங்குடி மக்களுக்கு அரசு ஒப்படை செய்த நிபந்தனை நிலங்கள் இந்த மலையில் உண்டு, அவற்றைத் தொடவே கூடாது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஏற்காடு வட்டத்துக் கிராமங்கள் 'ஹாக்கா' என்னும் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்புக்குள் வருவதால், வீட்டை இடித்துக் கட்ட நினைத்தால் சமவெளியைவிடக் கூடுதல் அனுமதிகள் தேவைப்படும்.

பலர் கோட்டைவிடுவது வேறு இடத்தில். புல வரைபடத்தில் ஓடை எந்தப் பக்கம் என்று பாருங்கள். பெரும்பாலும் அது சர்க்கார் புறம்போக்கு. ஓடைத் தண்ணீரை யாரும் உங்களுக்குக் கிரயம் செய்து தர முடியாது. ஓஸ் கடந்துவரும் 400 மீட்டரும் அநேகமாக அடுத்தவர் நிலம். பத்திரத்தின் தபசிலில் (சொத்து விவரத்தில்) வண்டித்தடப் பாத்தியம் எழுதுவதுபோல, இன்ன சர்வே எண் வழியாகக் குழாய் பதித்து, பழுதுபார்க்கப் போய்வரும் பாத்தியத்தையும் அந்த நிலக்காரர் கையெழுத்தோடு தனியாகப் பதிவு செய்யுங்கள். "நம்ம அண்ணன்தானுங்க, ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்பதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். அண்ணன் நிலத்தை விற்றுவிட்டுப் போனால், வாங்கினவர் வேலி போடுகிற அன்று ஓஸ் அறுபடும்.

இந்தத் தண்ணீரில் சமைத்த சோற்றுக்கு ஈடு வேறில்லை. மே மாதத்தில் சேலத்துச் சொந்தக்காரர்கள் குடம் வைத்துக் காத்திருக்கும்போது இங்கே தொட்டி வழிந்துகொண்டிருக்கும். அந்த மகிழ்ச்சி உண்மை. ஆனாலும் இன்று கேட்டால், வீட்டில் ஓஸோடு மேடேறக்கூடிய இரண்டு பேர் இல்லாதவர்கள் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். வார இறுதிக்கு மட்டும் வந்துபோக நினைப்பவர்கள் கட்டாயம் வேண்டாம்.

அதையும் மீறி அட்வான்ஸ் கொடுப்பதானால் மழைக்காலத்தில் பார்த்துவிட்டுக் கொடுக்காதீர்கள். கோடைமழை தொடங்கும் முன், மார்ச் கடைசியில், 15 லிட்டர் பக்கெட்டும் போனும் எடுத்துக்கொண்டு ஓடை வாய்க்கே ஏறுங்கள். பக்கெட் ஒரு நிமிடத்தில் நிறைந்தால் நாளைக்கு 21,600 லிட்டர், தாராளம். ஐந்து நிமிடம் ஆனால் 4,320 லிட்டர். அதில் கீழே உள்ளவர்களுக்கும் பங்கு விட வேண்டும். குடும்பத்துக்குப் போதும், தோட்டத்துக்குப் போதாது. விலையை அதற்கேற்பப் பேசுங்கள்.