கேஸ் ஃப்ரிட்ஜா, பேட்டரி ஃப்ரிட்ஜா?

காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் தங்கும் டிரெய்லரில் (கேரவனில்) இருக்கும் கேஸ் ஃப்ரிட்ஜுக்குள் சுழலும் பாகமே கிடையாது. சின்னச் சுடர் அமோனியாக் கரைசலைச் சூடாக்க, அதிலிருந்தே குளிர் கிடைக்கிறது (முதலில் கேட்டால் நம்பக் கஷ்டம்தான்). சத்தமில்லை, கரன்ட் செலவும் சொற்பம். ஆனால் வண்டி சாய்ந்து நின்றால் கரைசல் குழாயில் தேங்கி, நாளடைவில் யூனிட்டே போய்விடும். கடும் வெயிலிலும் திணறும்.

பேட்டரியில் ஓடும் கம்ப்ரசர் மாடலுக்குச் சாய்வு பெரிய விஷயமில்லை. சில மணி நேரத்தில் ஜில்லென்று ஆகிவிடும். சரி, பேட்டரி? 12 வோல்ட்டில் ஓடும்போது சுமார் 5 ஆம்பியர் இழுக்கும். விட்டுவிட்டு ஓடினாலும் நாளுக்கு 50 ஆம்பியர்-மணி (பேட்டரி கொள்ளளவின் அலகு) போகலாம். 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குமேல் இறக்கக் கூடாது என்பதால், ஒரே நாளில் கதை முடிந்தது.

லித்தியம் பேட்டரியும் சோலார் பேனலும் இருந்தால் என் ஓட்டு கம்ப்ரசருக்கு. மர நிழலில் நாள்கணக்கில் தங்குபவர் கேஸையே வைத்துக்கொள்ளலாம். கம்ப்ரசருக்கு மாற்றினால், கேஸ் குழாயை முறையாக அடைத்து, சோப்பு நுரை தடவிக் கசிவு பாருங்கள்.