பத்து சென்ட் படமா, வார இதழ்க் கேலிச்சித்திரமா?

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நெதர்லாந்தின் கல்லச்சுப் படங்களில் (கல்லில் வரைந்து தாளில் அச்சிடுபவை) சமூக விமர்சனம் தேடினால் இரண்டு எதிரெதிர் வழிகள் கண்ணில் படும். ஒன்று யோஹன் பிராகன்சீக்கின் அரசியல் கேலிச்சித்திரம். மற்றது வின்சென்ட் வான் கோ திட்டம் போட்டு நடக்காமல் போன மலிவுப் படங்கள்.

பிராகன்சீக்கிடம் குழப்பமே இல்லை. 1869இல் பத்திரிகை முத்திரை வரி ஒழிந்ததும் இதழ்கள் பெருகின. 1880களின் பின்பாதியிலிருந்து ‘டி ஆம்ஸ்டர்டாமர்’ இதழுக்கு அவர் வாராவாரம் வரைந்தார். அமைச்சரோ கட்சித் தலைவரோ, ஆளை அடையாளம் தெரிகிற மாதிரி கொண்டுவந்து நிறுத்திவிடுவார். ஆனால் அந்தத் தலைவர்கள் யாரென்று தெரியாத இன்றைய வாசகருக்குப் பாதிப் படங்கள் புரியாது.

வான் கோ யாரையும் குற்றம் சாட்டவில்லை. 1882 நவம்பரில், ஹேக் நகரில், ஏழைகள் விடுதியில் இருந்த ஒரு முதியவரை உட்காரவைத்து வரைந்தார். ஒட்டுப்போட்ட உடுப்பு, வழுக்கைத் தலை, முகத்தில் அழுத்திய இரண்டு கை முஷ்டிகள். அவ்வளவுதான் படம். இதுபோல 30 படங்கள் செய்து, ஒன்றைப் பத்து சென்ட்டுக்கு, மிஞ்சினால் பதினைந்துக்கு, உழைப்பாளிகளுக்கு விற்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அச்சகத் தொழிலாளிகளே ஒரு முதியவர் படத்தைச் சுவரில் மாட்டக் கேட்டார்களாம். தம்பி தேயோவுக்கு அதை எழுதும்போது மனிதருக்கு எவ்வளவு பெருமை! ஆனால் விற்பனைக்கு ஆளும் இல்லை, முதலும் இல்லை.

விமர்சனம் என்ற அளவில் என் ஓட்டு பிராகன்சீக்குக்குத்தான். பதில் சொல்ல வேண்டியவர் யாரென்று அவர் படம் காட்டுகிறது. முதியவரை அந்த நாற்காலிக்குக் கொண்டுவந்தது எது என்று வான் கோ சொல்வதில்லை. ஆனால் சுவரில் மாட்டச் சொன்னால் முதியவரைத்தான் மாட்டுவேன்.

1885இல் நூனன் கிராமத்தில் ‘உருளைக்கிழங்கு உண்பவர்கள்’ காட்சியை வான் கோ நேராகக் கல்லிலேயே வரைந்தார். அச்சில் இடம் வலமாகிவிட்டது. ஒரு பிரதி நண்பர் வான் ரப்பார்டுக்குப் போனது. அவரும் ஓவியர்தான். காப்பிக் கெட்டில் மேசைமேலும் இல்லை, கையிலும் இல்லையே, பின்னால் இருக்கும் பெண்ணின் கை ஏன் இப்படி என்று படத்தைக் கடுமையாகச் சாடி எழுதிவிட்டார். நட்பே முறிந்தது. நிலத்தைக் கொத்திய அதே கைகள்தான் தட்டில் கிழங்கெடுக்கின்றன என்று காட்டத்தான் வான் கோ அதை வரைந்தார். அந்தப் பேச்சுக்கே ரப்பார்டு போகவில்லை.