தேயிலைக் குச்சியா, பல் மருத்துவக் கத்தியா? குட்டி உருவம் வடிக்கும் கருவிகள், ஓர் ஒப்பீடு

குன்னூர் ரயில் நிலையத்தை 1:35 அளவில் செய்து, நடைமேடையில் ஆட்களை நிறுத்தப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 160 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண் அந்த அளவில் 46 மில்லிமீட்டர்தான் இருப்பார். தலை ஆறு மில்லிமீட்டர் சொச்சம். கண்ணின் அகலம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. கட்டடத்தை அட்டையிலும் பிளாஸ்டிக் தகட்டிலும் வெட்டி ஒட்டிவிடலாம். ஆட்களை விலைக்கு வாங்கலாம் என்றால், பெட்டியில் வருபவர்கள் பெரும்பாலும் கோட்டும் தொப்பியும் போட்ட வெள்ளைக்காரர்கள். வெள்ளை முண்டு சுற்றிய படகர் பாட்டி, முதுகில் கூடையோடு நிற்கும் தேயிலை பறிப்பவர், பூத்துக்குளி போர்த்திய தோடர் பெரியவர், இவர்களெல்லாம் வேண்டுமென்றால் நாமேதான் வடிக்க வேண்டும். அப்போதுதான் எந்தக் கருவி என்ற கேள்வி வருகிறது.

வாங்குவதா, செய்வதா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசுவதைப் பார்க்கிறேன். என் பார்வையில் பிரிவினை அங்கே இல்லை. நுனி எவ்வளவு வழவழப்பு என்பதுதான் முதல் கேள்வி. இந்த ஆட்களை வடிப்பது எபாக்சிப் புட்டியில்; இரண்டு பாகங்களைச் சேர்த்துப் பிசைந்தால் கொஞ்ச நேரத்தில் தானே இறுகும் களிமண் அது. பசைபோல ஒட்டும் பொருள். நுனியில் ஒரு கீறல் இருந்தால் அதில் பிடித்து இழுக்கும். தீட்டிய மூக்கு கருவியோடு கழன்று வந்துவிடும். விலை உயர்ந்த கருவியும் மெருகில்லாவிட்டால் அப்படித்தான். ஒன்றை மட்டும் வாங்குங்கள், மற்றதைச் செய்துகொள்ளுங்கள் என்பதுதான் என் கட்சி.

வாங்க வேண்டிய அந்த ஒன்று, பல் மருத்துவத்தில் மெழுகு செதுக்கும் லெக்ரான் கார்வர். ஒரு பக்கம் சின்ன இலை வடிவக் கத்தி, மறுபக்கம் குழிந்த சின்னக் கரண்டி. பல் மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் முதல் வருடத்தில் மெழுகில் பல் செதுக்கிப் பழகுவது இதை வைத்துத்தான். அதனால் கோயம்புத்தூரில் பல் மருத்துவப் பொருள் விற்கும் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும். சொந்தத்தில் யாராவது படித்து முடித்திருந்தால் அவர்கள் மேசை அறையிலேயே ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும், கேட்டுப் பாருங்கள். துருப்பிடிக்காத எஃகு, கைக்குப் பாரமில்லாத பிடி, தொழிற்சாலையிலேயே ஏறிய மெருகு. புட்டியை அள்ளி வைக்க, வெட்டிவிட, முந்தானை மடிப்பின் ஓரத்தைத் தூக்கிவிட, எல்லாவற்றுக்கும் இதே போதும். குறை என்று சொன்னால் கத்தியின் ஓரம் மெழுகுக்கானது, புட்டிக்குக் கொஞ்சம் கூர்மை அதிகம். தள்ள வேண்டிய இடத்தில் வெட்டிவிடும். 1000 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து ஓரத்தை லேசாக மழுக்கினால் சரியாகிவிடும். அதே கடையில் ஹாலன்பேக் கார்வர் என்ற ஒல்லிக் கத்தியும் இருக்கும். காசு மிச்சமிருந்தால் எடுக்கலாம், இல்லாவிட்டால் பாதகமில்லை.

ஆன்லைனில் டஜன் கணக்கில் வரும் களிமண் டூல் செட் இதற்குப் போட்டியே கிடையாது. அந்த மரக்கத்திகளும் கம்பி வளையங்களும் பானை, சிலை அளவு வேலைக்கு. அந்தக் கருவிகளில் பாதி, 46 மில்லிமீட்டர் ஆளின் முகத்தை ஒரே அழுத்தில் மறைத்துவிடும்.

ரப்பர் நுனி வைத்த சிலிக்கான் தூரிகைகளுக்கு ஓர் இடம் உண்டு, அது சின்ன இடம். எபாக்சி அதில் ஒட்டாது. அதனால் கழுத்தும் தோளும் சேரும் இணைப்பைத் தடவி மறைக்க அதைப்போல வேறில்லை. ஆனால் கோடு கீறச் சொன்னால் வளைந்து கொடுக்கும். வாங்கினால் கடினமான நுனியில், இருப்பதிலேயே சிறிய அளவாகப் பாருங்கள்.

இனி நம் மலையில் சும்மா கிடைப்பவை. முதலிடம் தேயிலைக் குச்சிக்கு. நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை தோட்டங்களில் கவாத்து வெட்டுவார்கள்; விறகுக்குக் கட்டிப்போகும் மிலார்களில் விரல் தடிமனில் நேராக இருப்பதை ஒன்றிரண்டு கேட்டு வாங்கினால் போதும். தேயிலை மரம் இறுக்கமானது, நார் நெருக்கமாக ஓடும். பழனி மலைப் பக்கம், தாண்டிக்குடியிலோ பண்ணைக்காட்டிலோ இருப்பவர்களுக்குக் காப்பிக் குச்சி இதே வேலையைச் செய்யும். மூங்கிலோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். மூங்கில் சீவ எளிது, நீளவாக்கில் நல்ல பலம். ஆனால் நுனி மெலிய மெலிய நார் நாராகப் பிரியும், தண்ணீர் பட்டதும் சிலிர்க்கும். புட்டி வேலையில் கருவியைத் தண்ணீரில் தொட்டுத்தொட்டுத்தான் வேலை செய்ய வேண்டும், அதனால் இது பெரிய குறை. தேயிலைக் குச்சி அப்படிச் சிலிர்க்காமல் மெருகேறி நிற்கும்.

பச்சைக் குச்சியைச் சீவக்கூடாது. காயும்போது வெடிக்கும், வளையும். பட்டையை உரித்து, அடுப்படியில் புகை படாத சூடான மூலையில் சில மாதம் கிடக்கட்டும். அப்புறம் பேனா நீளத்துக்கு வெட்டி, ஒரு நுனியை எலுமிச்சை விதைபோல முனை மழுங்கிய இலையாகவும், இன்னொன்றைச் சாய்ந்த உளியாகவும் சீவிக்கொள்ளலாம். 220, 400, 1000 என்று உப்புத்தாளை மாற்றி மாற்றித் தேய்க்க வேண்டும். கடைசியில் நுனியில் ஒரு சொட்டு ஃபெவிக்விக் தடவி ஊறவிட்டு, காய்ந்ததும் மறுபடி 1000-த்தில் தேய்த்து, பழைய காட்டன் துணியால் துடைத்தால் கண்ணாடிப் பளபளப்பு வரும். பசை மரத்தின் துளைகளை அடைத்துவிடுவதால் புட்டி பிடிக்காது. துணி மடிப்புக்கு இதை அடிக்க எஃகில் ஒன்றுமில்லை. பூத்துக்குளி தடித்த பருத்திப் போர்வை; அதன் மடிப்பு பெரிதாக, உருண்டு விழும். லெக்ரான் கத்தியால் செய்தால் அந்த மடிப்பு பட்டுப்புடவை மடிப்பாகக் கூர்ந்துவிடுகிறது. மரம் கொடுக்கும் மென்மையான அழுத்தத்தில்தான் கம்பளி, போர்வை, ஸ்வெட்டர் எல்லாம் அதனதன் கனத்தோடு வருகின்றன. மலைவாசிகளை வடிப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை.

குடைக்கம்பி அடுத்தது. மழையூரில் உடைந்த குடைக்குப் பஞ்சமில்லை. அதன் கம்பி வெட்டுத்தோற்றத்தில் ‘ப’ போல, ஒரு பக்கம் திறந்த வாய்க்காலாக இருக்கும். நுனியை அரத்தால் சாய்த்து ராவினால் மிச்சப் புட்டியைச் சுரண்டி எடுக்கும் நகக்கண் அளவுக் கரண்டி தயார். கம்பிக்கு வில் குணம் இருப்பதால் அழுத்தம் அதிகமானாலும் உடையாது.

முகத்துக்கு ஊசி. தையல் ஊசியின் காதுப் பக்கத்தைக் குச்சியில் துளையிட்டு ஃபெவிக்விக்கால் பதித்துக்கொள்ளுங்கள். நுனியை வளைக்க வேண்டுமென்றால் கேஸ் அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, குறட்டால் வளைத்து, தானாக ஆறவிட வேண்டும். சூட்டோடு தண்ணீரில் போட்டால் எஃகு மறுபடி இறுகி, லேசாக அழுத்தினாலே முறியும். கூர்நுனியைக் கொஞ்சம் உருட்டிவிடவும் மறக்க வேண்டாம். கண்குழிக்கு உருண்டைத் தலை குண்டூசியே போதும், நகப்பூச்சுக்கு விற்கும் புள்ளிக் குச்சியைத் தேட வேண்டியதில்லை. சட்டைப் பொத்தானுக்கு மருந்துக்கடையில் புது இன்ஜெக்‌ஷன் ஊசி வாங்கி, சாய்வு நுனியைச் சாணைக்கல்லில் தட்டையாகத் தேய்த்துவிட்டு அழுத்தினால் அச்சாக வட்டம் விழும். 26 எண் ஊசியின் வெளிவிட்டம் 0.46 மில்லிமீட்டர், 1:35-இல் அது 16 மில்லிமீட்டர் பொத்தான், ஸ்வெட்டருக்குக் கச்சிதம். இந்த வேலையை எந்தக் கார்வரும் செய்யாது.

எஃகையும் மரத்தையும் மழைக்காலம் வேறு விதமாகப் பிரிக்கிறது. லெக்ரானுக்கு ஈரம் ஒன்றும் செய்யாது. அரம் போட்டதும் குடைக்கம்பியின் பூச்சு போய்விடும், தையல் ஊசியும் அப்படித்தான். மழை மாதங்களில் சீக்கிரமே செந்நிறப் புள்ளி தெரியும். துரு என்றால் சொரசொரப்பு, சொரசொரப்பு என்றால் புட்டி பிடிக்கும். தேங்காய் எண்ணெய் தடவி வைக்கலாம். இங்கே குளிரில் அது பாதி நாள் உறைந்தே இருப்பதால் கிரீஸ்போல நன்றாக ஒட்டும். ஆனால் வேலைக்கு எடுக்குமுன் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் பட்ட இடத்தில் அடுத்த அடுக்குப் புட்டி ஒட்டாமல் உரிந்து வரும். மரத்துக்கு ஈரம் பட்டால் நார் கொஞ்சம் எழும்பும், 1000 தாளில் இரண்டு இழுப்பு இழுத்தால் படிந்துவிடும்.

குளிரின் இன்னொரு விளைவு நமக்குச் சாதகம். ஊட்டிக் குளிரில் எபாக்சி இறுகச் சமவெளியைவிட அதிக நேரம் எடுக்கும். மோல்டிட் மாதிரி எபாக்சிக் களிமண்ணைப் பிசையும்போது விறைப்பாக இருந்தால், இரண்டு பாகங்களையும் பிளாஸ்டிக் பையில் கட்டி வெந்நீரில் கொஞ்சம் வைத்து எடுங்கள். பிசைந்த பின் கிடைக்கும் கூடுதல் நேரத்தில் நிதானமாக மரக்கருவியால் மடிப்பை உருட்டலாம். மேட்டுப்பாளையத்து வெயிலில் அதே வேலைக்கு வேகமாக வெட்டித்தள்ளும் எஃகுக் கருவியே கைகொடுக்கும்.

இவ்வளவும் 1:35-க்கு. ரயில் மாடல் செய்பவர்கள் பலரும் 1:87-க்குப் போவார்கள். நம் மலை ரயிலின் மீட்டர் பாதை அந்த அளவில் 11.5 மில்லிமீட்டர், 12 மில்லிமீட்டர் இடைவெளித் தண்டவாளம் தயாராகக் கிடைக்கிறது. அங்கே ஆள் 18 மில்லிமீட்டர், தலை இரண்டரை. சிலிக்கான் நுனி தலையைவிடப் பெரிது, லெக்ரான் கரண்டி மார்பையே மூடிவிடும், தேயிலைக் குச்சியை அவ்வளவு மெலிதாகச் சீவினால் நிற்காது. முண்டின் விளிம்புக்கும் கூடையின் வாய்க்கும் வளைத்த தையல் ஊசி, தலைக்கட்டின் சுற்றுக்குக் குண்டூசி. அந்த அளவில் மற்ற எதையும் மேசைக்கு எடுக்கவே வேண்டாம்.