அக்காவின் நாற்காலி மட்டத்துக்கு இறங்கிய கட்டில்

சிங்கப்பூரிலிருந்து இந்த முறை தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் போனதே அக்காவோடு நாலு வாரம் இருக்கத்தான். அங்கே சாட்ஸ்வொர்த் பகுதியில் நாங்கள் பிறந்த வீட்டில்தான் இன்னும் இருக்கிறாள். கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, 14 வருடமாகச் சக்கர நாற்காலி. இப்போது வயது 46. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பாப் ஸ்மியர், அதாவது கருப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் சோதனை, இதுவரை ஒரு தடவைகூட எடுத்ததில்லை என்று பேச்சுவாக்கில்தான் சொன்னாள். அந்த நாட்டு அரசு கிளினிக்குகளில் 30 வயதிலிருந்து பத்து வருடத்துக்கு ஒன்றாக மூன்று முறை இலவசம். இவளுக்கு இதற்குள் இரண்டு முடிந்திருக்க வேண்டும்.

சரி, போய் எடுத்துவிடலாம் என்று கிளம்பினோம். முதலில் போன கிளினிக்கின் பெயர் வேண்டாம். வாசலில் சாய்தளம் இருந்தது. உள்ளே கட்டில் இடுப்பு உயரம். "இவங்களால ஏற முடியுமா?" என்று சிஸ்டர் என்னைக் கேட்டார், அக்காவை இல்லை. தூக்கிவிட ஆளும் இல்லை. அப்புறம் ஒன்று சொன்னார், அதுதான் இன்னும் ஆறவில்லை: "இவங்களுக்கு இது எதுக்கு?" அக்காவின் கணவர் 20 வருடமாகக் கூடவே இருக்கிறார். தனியாக இருந்தாலும் அப்படிக் கேட்கலாமா? இனப்பெருக்க நல மருத்துவமும் எல்லோருக்கும் உரிமை என்று நாட்டின் அரசியலமைப்பு 27ஆவது பிரிவில் சொல்கிறது. வழியெல்லாம் அக்கா பேசவில்லை. வீட்டு வாசலில் மட்டும், "இதனாலதான் போறதில்ல, தங்கச்சி" என்றாள்.

மறுவாரம் தெரிந்தவர் சொல்லி ஒரு தனியார் டாக்டரம்மாவிடம் போனோம். பொத்தானை அழுத்தியதும் கட்டில் நாற்காலி மட்டத்துக்கு இறங்கியது. சறுக்குப் பலகை வைத்து அக்கா தானே நகர்ந்துகொண்டாள். "அடி பட்டது எந்த எலும்பில்?" என்று அவளிடமே கேட்டார். நான்காவது மார்பு முள்ளெலும்பு. ஆறாவதிலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்குக் கீழே வலி தெரியாவிட்டாலும், உள்ளே விரித்துப் பார்க்கும் ஸ்பெக்குலம் கருவியை வைக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறலாமாம். மண்டையிடி, முகத்தில் வியர்வை, கவனிக்காவிட்டால் பக்கவாதம் வரைக்கும் போகும். 14 வருடத்தில் இதை எங்களுக்கு யாருமே சொன்னதில்லை. முதலில் சிறுநீர்ப்பையைக் காலி செய்யச் சொன்னார். பி.பி. பட்டையைக் கையில் கட்டியே வைத்திருந்தார். "தலை வலிச்சா உடனே சொல்லுங்க, வெளியே எடுத்துட்டு உட்கார வைக்கிறேன்" என்றார். காலைத் தாங்கியில் மாட்டவில்லை. குதிகால்களைச் சேர்த்து முழங்கால்களை அகட்டி வைத்து, ஒரு பக்கம் என்னைப் பிடிக்கச் சொன்னார். நடுவில் கால் விறைத்தது. இழுக்காமல், அது அடங்கும்வரை பேசிக்கொண்டே நின்றார்.

ஸ்மியர் எடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பணம் கட்டுமிடத்தில் அக்கா இன்னொரு பெயருக்கும் நாள் கேட்டாள். சக்கர நாற்காலியில் இருக்கும் அவளுடைய தோழி, வயது 52, அவளும் எடுத்ததே இல்லையாம்.