பம்ப் கம்பெனி பர்ச்சேஸில் ஒரு வெண்டர் போர்ட்டல்: 4 வருடம் ஓட்டிப் பார்த்ததில்

கோவைப் பக்கம் பம்ப்செட் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் பர்ச்சேஸ் பார்க்கிறேன். காஸ்டிங் (இரும்பு வார்ப்பு), ஷாஃப்ட், ஸ்டாம்பிங், காப்பர் வயர், பேரிங், போல்ட் நட், அட்டைப்பெட்டி என்று எல்லாம் சேர்த்து நூற்றுச் சொச்சம் சப்ளையர்கள். எக்செல், வாட்ஸ்அப், டேலி மூன்றையும் வைத்துக்கொண்டு ஒப்பேற்றிக்கொண்டிருந்தோம். 2021 ஏப்ரலில் ஒரு வெண்டர் போர்ட்டல் வாங்கினோம். கொட்டேஷன் கேட்பது, ஒப்பிடுவது, பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) போடுவது, தலைகீழ் ஏலம், பில் பதிவு எல்லாம் அதற்குள்ளேயே. பெயர் வேண்டாம். டெமோவில் காட்டாததை மட்டும் எழுதுகிறேன்.

முதல் 6 மாதம் சப்ளையர்களை உள்ளே கொண்டுவருவதிலேயே போனது. மின்னஞ்சல் முகவரி கேட்டால் பாதிப் பேர் ஆடிட்டர் ஆபீஸ் முகவரியைக் கொடுத்தார்கள். இரண்டு லேத் வைத்து ஜாப் ஒர்க் செய்பவருக்குக் கையெல்லாம் ஆயில். அவர் எங்கே ஓ.டி.பி. பார்த்துப் பாஸ்வேர்டு மாற்றுவது? அவர் போனில் விலையைச் சொல்வார், எங்கள் ஆபீஸ் பையன் அவருடைய ஐ.டி.யில் நுழைந்து டைப் செய்வான். திரையில் என்னவோ ‘சீல் வைத்த கொட்டேஷன்’ என்றுதான் காட்டும். சீல் வைத்ததும் நாங்கள், பிரித்ததும் நாங்கள். ஆடிட்டில் ஒருவர் மூக்கை நுழைத்த பிறகுதான் இந்தக் கூத்து நின்றது. தமிழில் ஒரு திரைகூட இன்றுவரை கிடையாது.

தலைகீழ் ஏலம்தான் இதை விற்க வந்தவர் அதிக நேரம் காட்டியது. உச்ச விலையை நாம் வைப்போம். சப்ளையர்கள் அரை மணி நேரம் ஒருவருக்கொருவர் இறக்கிக்கொண்டே வருவார்கள். கடைசி நிமிடங்களில் யாராவது இறக்கினால் நேரம் தானாக நீளும். அட்டைப்பெட்டி, போல்ட் நட், லாரி வாடகைக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. இதிலெல்லாம் அளவையும் தரத்தையும் ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். யார் கொடுத்தாலும் அதே பெட்டிதான்.

காஸ்டிங்கில் கையைச் சுட்டுக்கொண்டோம். 2022 செப்டம்பரில் மின்கட்டணம் உயர்ந்தது. இண்டக்‌ஷன் ஃபர்னஸ் (மின்சாரத்தில் இரும்பை உருக்கும் உலை) வைத்திருக்கும் ஃபவுண்டரிக்காரர்களுக்கு அது நேரடி அடி. எங்களுக்குப் பழைய சப்ளையரான ஒருவர் கிலோவுக்கு 3 ரூபாய் கூட்டிக் கேட்டார். மேலே கொண்டுபோனேன், “போர்ட்டலில் ஏலம் விடு” என்றார்கள். நானும் சரி என்றுவிட்டேன், கோவையில் ஃபவுண்டரிக்கா பஞ்சம் என்ற நினைப்பில். அந்தப் பழைய சப்ளையரான பெரியவர் போன் செய்தார்: “ஏனுங் தம்பி, 18 வருசமா சரக்குக் குடுக்கறேன். இப்ப ஊர் பேர் தெரியாதவன்கூட உக்காந்து பட்டன் அமுக்கோணுமாக்கும்?” ஏலத்துக்கு அவர் வரவேயில்லை.

புதியவர் பழைய விலையிலிருந்தே கிலோவுக்கு 4 ரூபாய் இறக்கி எடுத்தார். பேட்டர்ன் (வார்ப்பு அச்சை எடுக்கும் மாதிரி வடிவம்) எங்களுடையது என்பதால் பெரியவரிடமிருந்து வண்டியில் ஏற்றிப் புதிய இடத்தில் இறக்கினோம். இரண்டாவது லாட்டிலேயே கேசிங்குகள் (பம்ப்பின் வெளிக்கூடு) தண்ணீர் அழுத்த டெஸ்ட்டில் கசிந்தன. அறுத்துப் பார்த்தால் கோர் (வார்ப்பின் உள்வெற்றிடத்துக்காக அச்சுக்குள் வைக்கும் மணல் கட்டி) நகர்ந்து ஒரு பக்கச் சுவர் மெலிந்திருந்தது. இது வெளியே தெரியாது. லேத்தில் ஏற்றிக் கடைந்து முடித்த பிறகுதான் தெரியும். காஸ்டிங்குக்கு டெபிட் நோட் போட்டுப் பணத்தைப் பிடித்துக்கொள்ளலாம். கடைசல் கூலியை யாரிடம் போய்க் கேட்பது? பிப்ரவரி வந்துவிட்டது, பம்ப் சீசன் வேறு.

பேட்டர்னைத் திரும்ப எடுத்துக்கொண்டு பெரியவரிடமே போனேன். அவருடைய மோல்டர் (மணல் அச்சு செய்பவர்) அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கோர் உட்காரும் இடம் பல வருடமாகவே தேய்ந்திருக்கிறதாம். ஒவ்வொரு அச்சிலும் அவர் கையாலேயே சரிக்கட்டி ஓட்டியிருக்கிறார். எங்கள் டிராயிங்கில் அது இல்லை, பி.ஓ.வில் இல்லை, பிறகு போர்ட்டலில் எப்படி இருக்கும்? இத்தனை நாளும் கிலோ விலைக்குள் அந்த மோல்டரின் கைவேலையையும் சேர்த்து வாங்கிக்கொண்டிருந்தோம். பெரியவர் கேட்ட 3 ரூபாயைக் கொடுத்தோம். கூடவே இன்னொன்றும் கேட்டார்: 30 நாளில் பணம்.

காப்பர் வயரில் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்கே போர்ட்டல் ஒரு பெரிய தலைவலியைத் தீர்த்தது. லண்டன் உலோகச் சந்தையில் காப்பர் 2021 மே மாதம் டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. 2022 ஜூலையில் 7,000 பக்கம் இறங்கியது. ஏறும்போது சப்ளையர் தினமும் கூப்பிடுவார், இறங்கும்போது நான் கூப்பிடுவேன். போர்ட்டலில் விலைக்குப் பதில் ஃபார்முலா போடும் வசதி இருந்தது: முந்தைய மாத லண்டன் சராசரி, டாலர் மதிப்பு, பிரீமியம், சுங்க வரி, கடைசியில் கம்பி இழுக்கும் கூலி. பேரம் பேசுவது அந்தக் கடைசி வரிக்கு மட்டும், அதுவும் வருடத்துக்கு ஒரு தடவை. 2024 மே மாதம் காப்பர் 11,000 டாலரையும் தாண்டியபோது எங்களுக்குள் ஒரு வாக்குவாதம்கூட இல்லை.

இனி யாரும் விளம்பரம் செய்யாத பக்கம். எங்கள் சப்ளையர்கள் அதிகம் திறப்பது ஏலத்தையோ புது என்கொயரியையோ அல்ல, ‘பில் எந்த நிலையில் இருக்கிறது’ என்ற பக்கத்தை. சரக்கு இறங்கியது, இன்ஸ்பெக்‌ஷன் முடிந்தது, அக்கவுண்ட்ஸுக்குப் போனது, பணம் போட்டாயிற்று. இந்த நாலு வரிக்காகவே ஓ.டி.பி. கற்றுக்கொண்ட லேத்காரர்கள் இருக்கிறார்கள். “சார், செக் ரெடியாங்க?” என்ற போன் பாதியாகக் குறைந்தது. ஜி.எஸ்.டி.ஆர்-2பி.யில் (சப்ளையர்கள் கணக்குக் காட்டிய பில்களின் ஜி.எஸ்.டி. பட்டியல்) ஏறாத பில்லையும் அது பிடித்துக் காட்டுகிறது. முன்பெல்லாம் உள்ளீட்டு வரிக் கழிவு கைவிட்டுப் போன பிறகுதான் எங்களுக்குத் தெரியும்.

இதே இடத்தில் ஒரு ஓட்டையும் உண்டு. வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவு வந்த பிறகு, உத்யம் என்ற அரசின் சிறுதொழில் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் போக வேண்டும். கெடு தாண்டிய தொகை மார்ச் 31 அன்றும் நிலுவையில் நின்றால் அந்த வருடச் செலவாகக் கழிக்க முடியாது. பணம் கொடுக்கும் வருடத்தில்தான் கழிக்கலாம். நாளை எண்ண வேண்டியது சரக்கை ஏற்றுக்கொண்ட தேதியிலிருந்து. எங்கள் போர்ட்டலோ அக்கவுண்ட்ஸில் பில் பதிவான தேதியிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தது. 2024 மார்ச் கடைசி வாரம் உட்கார்ந்து ஒவ்வொரு ஜி.ஆர்.என்.னாக (சரக்கு வந்து இறங்கியதற்கான சீட்டு) கையால் சரிபார்த்தோம். தேதிக் கணக்கை மாற்றித்தரத் தனியாகப் பணம் கேட்டார்கள், கொடுத்தோம். வாங்குவதற்கு முன் இந்த ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்.

போன ஏப்ரலில் புதுப்பிப்பு வந்தது. ஏல வசதியை வருடத்துக்கு நாலைந்து தடவைதான் தொடுகிறோம், அதை எடுத்துவிட்டு மீதிக்கு விலை சொல்லுங்கள் என்றேன். தனித்தனியாகக் கொடுப்பதில்லை, மொத்தமாகத்தான், அதுவும் இந்த வருடம் 15 சதவீதம் கூடுதல் என்றார்கள். வேறு இடத்துக்குப் போகலாம் என்று பார்த்தால், 4 வருட ரேட், பில், ரிஜெக்‌ஷன் கணக்கு எல்லாம் அவர்கள் சர்வரில். எக்செல்லில் இறக்கினால் பாதி விவரம்தான் வருகிறது. இரண்டு வாரம் இழுத்து 9 சதவீதத்துக்கு முடித்தேன். எங்கள் பேட்டர்ன் இப்போது அவர்கள் ஃபவுண்டரியில் கிடக்கிறது.